மேல் குழல் ரவை, கீழ்க் குழல் குண்டு

அந்த மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். என் தம்பி தௌனோவின் மகன் ஆர்வோ, அவன் மனைவி ஸைமி, பக்கத்துப் பண்ணை ரெய்யோ பீரைனென், அவர் மனைவி ஹில்யா, பிறகு நான், ஓஸ்கரி டோல்வனென். ஆர்வோ வீட்டு மேசை அது. அடியில் அவன் நாய் ஹல்லி படுத்திருந்தது. ஆர்வோவின் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. பிற்பாடு எங்கள் ஊர் ஹௌகிவாராவில் பாதிப்பேர் தாங்களும் அந்த அறையில் உட்கார்ந்து காபி குடித்ததுபோலப் பேசினார்கள். அதனால் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசி. ஒன்பது நாளாக விடாத மழை. அறுத்த ஓட்ஸ் வயலிலேயே கறுத்துக்கொண்டிருந்தது. ஆர்வோவுக்குக் கையில் வேலை இல்லை. காட்டுக் கம்பெனி மரம் வெட்ட இயந்திரம் இறக்கிய பிறகு, ரம்பக்காரர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஆறு மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஏரி மீன், காட்டுக் கறி. இதை வைத்துத்தான் அந்த வீடு குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும்.

கூடியது துப்பாக்கி விஷயம் பேச. தௌனோ வசந்தத்தில் நெஞ்சடைத்துப் போனான். அவனிடம் துப்பாக்கி இரண்டு இருந்தன. எல்க் மானுக்கு ஒரு குண்டுத் துப்பாக்கி. பறவைக்கும் முயலுக்கும், கடுகுபோல் ரவை சிதறுகிற இரட்டைக் குழல். அவன் அனுமதி அவனோடு முடிந்தது. மகன் பெயருக்கு மாற்றக் கேட்டபோது காவல் அதிகாரி ஏட்டைப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் ஆர்வோ குடித்துவிட்டு டிராக்டரை ஓடைப் பள்ளத்தில் இறக்கியது அதில் இருந்தது.

“ஒண்ணுக்குத்தான் தருவேன். எதுன்னு வீட்ல பேசிட்டு வாங்க” என்றார்.

அந்த டிராக்டர் நாளுக்குப் பிறகு ஆர்வோ ஒரு சொட்டும் தொடவில்லை. ஏட்டில் அதை எழுத இடம் கிடையாது.

ஸைமி ரை மாவில் செய்த மெல்லிய பலகாரத்தை வெண்ணெயும் முட்டையும் மசித்துப் போட்டு வைத்திருந்தாள். அது அவள் பிறந்த வீட்டார் பக்கத்துப் பலகாரம். போரில் எல்லை நகர்ந்து ஊர் ரஷ்யாவுக்குப் போனபோது, வீட்டை விட்டுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஜனம் அவர்கள். அவள் வீட்டு மூலையில் சாமி படமும் சிறு விளக்கும் இருக்கும். ஹௌகிவாராவில் வேறு யார் வீட்டிலும் அது இருக்காது.

ரெய்யோ காபியைத் தட்டில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சினார். ஊர் எல்க் வேட்டைக்கு அவர்தான் தலைவர்.

“ஒரே துப்பாக்கின்னா ரெட்டைக் குழல்தான்டா ஆர்வோ. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு குழல் வாய் அகலம், ஒரு குழல் வாய் குறுகல். கிட்டத்துல எழும்புற காட்டுக் கோழிக்கு முன் விசை, தூரத்துல ஓடுற முயலுக்குப் பின் விசை. வாத்துக்குப் பொடி ரவை, நரிக்குப் பெரிய ரவை. தோட்டாவை மாத்தினா முடிஞ்சுது. ஒரு துப்பாக்கி நாலு துப்பாக்கி.”

“அப்பாவோடது உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சுண்ணே. இனி சுட்டா குழல் பிளந்துக்கும்னு பட்டறையில சொல்லிட்டாங்க.”

“உங்கப்பன் அதைத் துடைச்சு நான் பார்த்ததே இல்லை. மீன் செதில் எடுக்குற கத்தியைக்கூட அவன் இதைவிட நல்லா வச்சிருந்தான்.” ரெய்யோ தட்டைக் கீழே வைத்தார். “என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணை நீ எடுத்துக்கோ. எழுதிக் குடுத்துர்றேன். விலை பேசாதே.”

“எடுத்துக்கோடா” என்றாள் ஹில்யா. “எங்க வீட்டு அலமாரியில சும்மா நிக்குது. இந்த மனுஷனாவது சாப்பாட்டுக்கு அசைவாரு, அது அதுக்கும் அசையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். ஸைமி முகத்தில் அந்த வசந்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ரெய்யோவுக்குக் கேட்காமலே இரண்டாவது கோப்பை ஊற்றினாள்.

“எல்க்குக்கு என்ன பண்றது?” என்று நான் கேட்டேன்.

எங்கள் ஊர் எல்க் வேட்டையில் இரண்டு வகை ஆட்கள். ஓட்டுகிறவர்கள் துப்பாக்கி இல்லாமல் வரிசையாகக் காட்டுக்குள் இறங்கி, மரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு மானைக் கிளப்புவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு நிலையில் குண்டுத் துப்பாக்கியோடு அசையாமல் நிற்பார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே, மான் நீரில் இறங்குகிற குறுகலான நிலத்தில் இருக்கும் நிலைக்கு டோல்வனென் நிலை என்று பெயர். அப்பா நின்றார். முப்பத்தொரு இலையுதிர்காலம் நான் நின்றேன். என் முழங்கால் போன பிறகு தௌனோ நின்றான். ஒரு வீடு ஆள் நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் அந்த நிலை வேறு வீட்டுக்குப் போகும். எல்க்கை ரவையால் சுட முடியாது.

“எல்க்குக்கு ஓட்டப் போகட்டும்” என்றார் ரெய்யோ. “ஓட்டினாலும் நின்னாலும் கறிப் பங்கு ஒண்ணுதானே, ஓஸ்கரி அண்ணே.”

“எங்க வீட்டுப் பையன் புதருக்குள்ள ஹோ ஹோன்னு கத்திக்கிட்டு ஓடுறதா?”

“நான் ஆறு வருஷமா கத்திக்கிட்டுதான் ஓடுறேன்” என்றாள் ஹில்யா. “என் மானம் எங்கேயும் விழலை. விழுந்தாலும் சேத்துலதான் விழுந்திருக்கும், அலசி எடுத்துக்கலாம்.”

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தேன். நகரத்துக் கடையில் கேட்டு வாங்கி வந்தது. கடைக்காரர் தௌனோவின் இரண்டையும் எடுத்துக்கொண்டு இதைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“மேல் குழல் ரவை. கீழ்க் குழல் குண்டு. எல்க்கை நிறுத்துற குண்டு. விசை ஒண்ணுதான். விசை மேலயே சின்னப் பொத்தான் இருக்கு. இந்தப் பக்கம் தள்ளினா ரவை, அந்தப் பக்கம் தள்ளினா குண்டு. வாத்துலேர்ந்து எல்க் வரைக்கும் ஒரே துப்பாக்கி. அனுமதியும் ஒண்ணுதான்.”

ஆர்வோ தாளை இழுத்துப் பார்த்தான். ரெய்யோ பார்க்கவில்லை.

ஸைமி அடுப்பருகில் நின்றபடி கேட்டாள். “மாமா, கை மறந்துட்டா?”

“எந்தக் கை?”

“இவரு கை. பதினாறு வயசுலேர்ந்து ரெட்டைக் குழல் பிடிச்ச கை. அதுல எதை இழுத்தாலும் ரவைதான் வரும். கோழி எழும்பினா இவரு யோசிச்சா சுடுறாரு? கை தானாப் போகுது. அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்குன்னு கோழி காத்துக்கிட்டா இருக்கும்?”

“பழகிக்குவான்.”

“ரெய்யோ அண்ணன் குடுக்குறது போதும் மாமா. ஓட்டப் போனாலும் கறி வருது. எங்களுக்குக் கறிதானே வேணும்.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உங்க ஊர்ல பொம்பளைங்க துப்பாக்கிக்கு நியாயம் சொல்வாங்களோ என்னவோ. அந்த ஊரே இப்போ இல்லை. இந்த வீட்ல அந்த வழக்கம் கிடையாது. அடுத்த வீட்டுத் துப்பாக்கியைத் தூக்குற வழக்கமும் கிடையாது.”

மழை கூரைத் தகரத்தில் அடித்தது. ஹில்யாதான் வாயைத் திறந்தாள். “ஓஸ்கரி அண்ணே, உங்க மூக்கு இருக்குற நிமிர்வுக்கு இந்த மழையில வெளிய போகாதீங்க. தண்ணி உள்ள போயிரும்.”

இந்த முறை அவள் மட்டும்தான் சிரித்தாள்.

“பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான் ஆர்வோ.

ரெய்யோ காலிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். போதும் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சைகை அது.

செப்டம்பர் முதல் வாரம் துப்பாக்கி வந்தது. ஆர்வோ அதை எடுத்துக்கொண்டு மணல் குழிக்குப் போய், குண்டுக் குழலில் இருபது, ரவைக் குழலில் முப்பது சுட்டுப் பழகினான். ஒவ்வொரு முறையும் பொத்தானைத் தள்ளும்போது உரக்கச் சொல்லிக்கொள்வான், “மேல்”, “கீழ்” என்று. சின்ன மகளும் வீட்டுக்குள் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தாள். படி ஏறினால் மேல், இறங்கினால் கீழ். அந்த மூன்று வாரத்தில் ஆறு வாத்தும் நான்கு முயலும் வீட்டுக்கு வந்தன. ஸைமி முயல் கறியை உப்பும் வெங்காயமும் போட்டு ரொட்டி அடுப்பில் பாதி நாள் விட்டு எடுத்தாள். எனக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினாள். அன்று சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மரியாதையில் ஒரு நூலும் குறைக்கவில்லை. அதை நான் சரியென்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. மழை நின்று முதல் உறைபனி விழுந்த காலை. புல் காலடியில் நொறுங்கியது. நானும் ஆர்வோவும் ஹல்லியோடு பைன் மேட்டுக்குப் போனோம். நான் துப்பாக்கி எடுத்துப்போகவில்லை. கைத்தடிதான்.

எட்டரை மணிக்கு ஹல்லி குரைத்தது. அந்த நாயின் வேலையே அதுதான். மெத்ஸோ என்னும் கருப்புக் காட்டுச் சேவலைக் கிளப்பி, அது போய் உட்காருகிற மரத்தின் அடியில் நின்று விடாமல் குரைக்கும். சேவல் நாயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆள் பின்னால் நெருங்க வேண்டும். வான்கோழி அளவுப் பறவை. ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு மூன்று நாள் வரும்.

மேட்டு விளிம்பில் பட்டுப்போன பைன் ஒன்றில் உட்கார்ந்திருந்தது. நடுவில் வெட்டவெளி. எண்பது மீட்டருக்கு மேல் நெருங்க முடியாது.

“தூரம். ரவை போய்ச் சேராது” என்று காதருகே சொன்னேன். “கீழ்க் குழலைப் போடு. சேவல் அடிமரத்துக்கு நேரா நகர்றப்போ சுடு. தப்பினாலும் மரம் குண்டை வாங்கிக்கும்.”

அவன் கம்பளிக் கையுறையோடு பொத்தானைத் தள்ளினான். “கீழ்” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனான். அப்போது சேவல் கழுத்தை நீட்டியது. உறைந்த கிளை ஒன்று முறிந்தது. சேவல் எழும்பி, எங்களுக்குக் குறுக்காக, மேட்டு விளிம்புக்கு மேலே தாழ்வாகப் பறந்தது.

ஆர்வோவின் உடம்பு திரும்பிய விதம் அழகாக இருந்தது. தௌனோ அப்படித்தான் திரும்புவான். இடுப்பிலிருந்து ஒரே வீச்சு. குழல் பறவையை முந்திப் போனது. விசை விழுந்தது.

ரவை வெடித்தால் கனத்த கதவைச் சாத்தியதுபோல இருக்கும். இது சாட்டை அடித்ததுபோலக் கேட்டது. போனது குண்டு என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்தது. துப்பாக்கியை இறக்கிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றான். சேவல் போய்விட்டது.

“போனாப் போகுது விடு” என்றேன். “மேட்டுக்கு அந்தாண்ட சதுப்புதான். யாரு இருக்கா.”

சதுப்பில் புளிப்புச் சிவப்புப் பழம் விளைகிற காலம் அது. ஊரே ஞாயிற்றுக்கிழமைதான் வாளியோடு இறங்கும். இன்னொரு உறைபனி விழுந்தால் பழம் மெத்தென்று ஆகிவிடும் என்று ஹில்யா, ரெய்யோவையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருந்தாள்.

முதலில் ஒரு குரல் கேட்டது. ஆளைக் கூப்பிடுகிற குரல் என்றுதான் நினைத்தேன். எல்க் ஓட்டும்போது கத்துவதுபோல நீளமாக இருந்தது. ஆர்வோ ஓடினான். நான் கைத்தடியோடு மேட்டைத் தாண்டிப் போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்று தெரியாது.

ஹில்யா பாசியில் பக்கவாட்டாகக் கிடந்தாள். அறுநூறு மீட்டர் என்று பிறகு நாடா பிடித்து அளந்தார்கள். ரெய்யோ அவள் தலையை மடியில் வைத்து, கழுத்துக்குக் கீழே தன் தொப்பியால் அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்த வேண்டிய அவசியம் அப்போது முடிந்திருந்தது. ஆர்வோ நான்கடி தள்ளி மண்டியிட்டு, துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தியபடி இருந்தான்.

ரெய்யோ நிமிர்ந்து பார்த்தார். அவர் முதலில் சொன்னது இதுதான்: “தோட்டாவை எடுத்துட்டியா? குழலை மடிச்சு வை.”

இருபது வருடமாக ஒவ்வொரு வேட்டை முடிவிலும் எல்லாரிடமும் அவர் சொல்கிற வாக்கியம். ஆர்வோ குழலை மடித்தான். மேல் தோட்டா புதிதாக இருந்தது. கீழே வெறுங்கூடு.

பிறகு நடந்தது எல்லாம் தாள் வேலை. ஆர்வோவின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஊரில் சிலர் அவன் குடித்திருந்தான் என்றார்கள். அவன் குடிக்கவில்லை. துப்பாக்கியில் கோளாறு என்றார்கள். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. ஆர்வோ, வழக்கறிஞர் சொல்லச் சொன்ன எதையும் சொல்லாமல், “குழலை மாத்த மறந்துட்டேன்” என்று மட்டும் சொன்னான். எட்டு மாதச் சிறைத் தண்டனை, ஆனால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்திவைத்து. இனி ஆயுளுக்கும் அனுமதி கிடையாது. அந்தத் துப்பாக்கி எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று நீதிபதி கேட்கவில்லை. நான் மூன்றாவது பெஞ்சில் கழுத்துப்பட்டை கட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வழக்குக்கு முன்பே, நவம்பரில் எல்க் வேட்டை முடிந்தது. டோல்வனென் நிலையில் யாரும் நிற்கவில்லை. ரெய்யோ வேட்டைக்கு வரவில்லை. பங்கு போடும் நாளில் மட்டும் வந்தார், தலைவர் வர வேண்டும் என்பதால்.

எங்கள் ஊரில் பங்கு போடுவது இப்படி. கறியைச் சம கூறாக்கி ஸ்ப்ரூஸ் மரக் கிளைமேல் வரிசையாக வைப்பார்கள். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு “யாருக்கு?” என்பார். தலைவர் கறிக்கு முதுகு காட்டி நின்று ஒரு பெயர் சொல்வார். எது நல்ல கூறு என்று பார்க்காமல் சொல்வதால் யாருக்கும் குறை வராது.

“யாருக்கு?”

“ஸெப்போ.”

“யாருக்கு?”

“மௌனு.”

“யாருக்கு?”

“ஆர்வோ.”

தொட்டவர் கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், “அவன் ஓட்டக்கூட வரலையே ரெய்யோ அண்ணே” என்றது.

ரெய்யோ திரும்பவில்லை. மறந்து சொன்னாரா, நினைத்துச் சொன்னாரா என்று அந்த முதுகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. “பேரு சொல்லியாச்சு. அடுத்தது” என்றார்.

அந்தக் கூறை நான்தான் சாக்கில் போட்டுச் சறுக்குவண்டியில் இழுத்துப் போனேன். ஸைமி மாட்டுக் கொட்டிலில் இருந்தாள். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கைப் பார்த்தாள்.

“யாரு குடுத்தது?”

“பங்கு. ரெய்யோ பேரு சொன்னான்.”

“அந்த மனுஷன் வாயால வந்த கறியை நான் எந்தக் கையால மாமா அடுப்புல வைப்பேன்?”

“பிள்ளைங்க இருக்கு ஸைமி.”

“பிள்ளைங்க உருளைக்கிழங்கு தின்னும்.”

ஆர்வோ விறகுக் கொட்டகையில் இருந்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் விறகு பிளந்தான். மூன்று வருடத்துக்கான விறகு சேர்ந்துவிட்டது. பிளக்க மரம் தீர்ந்தபோது, பிளந்ததையே மறுபடி எடுத்துப் பொடிப்பொடியாகப் பிளந்தான். நான் பேசினால், “சரி பெரியப்பா” என்பான். எதற்கும் அதே பதில். ஹல்லி அவன் காலடியில் கிடக்கும். குரைக்காது.

பால் வண்டி நிற்கிற மேடையில்தான் ஊர்ப் பேச்சு நடக்கும். ஜனவரியில் ஒரு காலை, ஸைமி தன் பால் கேனை இறக்கும்போது இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. தணிக்கக்கூட இல்லை.

“குண்டுக் குழல் எதுக்கு அந்த வீட்டுக்கு? பேராசைதான். எல்க் கறிக்கு நாக்கு ஊறியிருக்கு.”

“புருஷனைப் பிடுங்கித் தின்னு வாங்க வச்சிருப்பா. ரஷ்யக்காரிங்களுக்கு வயிறு நிறையவே நிறையாது.”

நான் என் கேனோடு மேடையின் மறுபுறம் நின்றுகொண்டிருந்தேன். ஸைமி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் கேன் மூடியைத் திருகி இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. டோல்வனென் பெயர் நீதிமன்றத் தாளில் ஒரு தடவை ஏறிவிட்டது, இன்னொரு தடவை ஊர் வாயில் ஏற வேண்டாம் என்று நினைத்தேன். அவள் பெயரும் டோல்வனென்தான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு கடையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை. ரெய்யோவுக்கு உண்மை தெரியும். ஆனால் அவர் நவம்பருக்குப் பிறகு யாரிடமும் பேசுவதில்லை. ஆர்வோவுக்குத் தெரியும். அவன் பெரியப்பா பெயரைச் சொல்ல மாட்டான்.

ஏப்ரலில் மாடுகளை விற்றார்கள். ஸ்வீடனில் ஒரு நூல் ஆலையில் ஸைமியின் அண்ணன் வேலை பார்த்து வைத்திருந்தான். ஹல்லியை என்னிடம் விட்டார்கள். பேருந்து நிற்கிற இடம்வரை நான் பெட்டியைச் சறுக்குவண்டியில் இழுத்தேன். ஆர்வோ முன்னால் போய் நின்றான், வெறுங்கையோடு. பெண்பிள்ளைகள் பனியில் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தார்கள். “மேல்”, “கீழ்” என்று வாயால் சொல்லவில்லை.

ஸைமி கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினாள்.

“உடம்பைப் பார்த்துக்கோங்க மாமா.”

“ஸைமி, அன்னிக்கு மேடையில...”

“ஒரு வார்த்தைதான் மாமா. ‘அவ இல்லை’ன்னு. அது போதுமா இருந்திருக்கும்.”

பேருந்து வந்தது. ஆர்வோ ஏறும்போது திரும்பிப் பார்த்தான். என்னையல்ல, பைன் மேட்டை.

அந்த இலையுதிர்காலம் டோல்வனென் நிலையை ஸெப்போவின் வீட்டுக்குக் கொடுத்தார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

ஆர்வோவின் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பொடிப்பொடியாகப் பிளந்த விறகு கொட்டகை நிறைய இருக்கிறது. நான் அதை எடுத்து எரிப்பதில்லை. ரெய்யோ போன வாரம் ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கரையில் நின்று தொப்பியைக் கழற்றினேன். அவர் வலையை இழுத்து முடித்தார், துடுப்பை எடுத்தார், மறுகரைக்குப் போனார்.

எல்க் கறிக்கு ஆசைப்பட்டு, குண்டுக் குழல் வைத்த துப்பாக்கிதான் வேண்டும் என்று ஸைமி புருஷனை நச்சரித்து வாங்க வைத்தாள் என்று ஹௌகிவாராவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். அவள் வேண்டாமென்றாள். தாளைக் கொண்டுவந்ததும், அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததும், அவளை வாயடைத்ததும் நான்.

ரெய்யோ அன்றே சொன்னார்: ஓட்டினாலும் நின்றாலும் கறிப் பங்கு ஒன்றுதான்.